மாஜோங்: நால்வர் ஆட்டமும் தனியாள் ஆட்டமும்

ஒரு பொருள் மிகப் பழமையானது என்று கேட்ட மாத்திரத்திலேயே, அது உயர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று கைகூப்பி நிற்கும் வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. உலகம் முழுவதும் உண்டு. வியாபாரிகள் இதை நன்கு அறிவர். ஆதலின், நேற்றுச் செய்த சரக்கிற்கும் ஈராயிரம் ஆண்டு வயதேற்றி விற்கத் தயங்குவதில்லை. இதற்குச் சீனர் ஆடும் மாஜோங் ஆட்டத்தின் சரித்திரத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. அச்சரித்திரத்தில் ஒரு பொய்யன்று, இரண்டு பொய்கள் இருக்கின்றன. அவ்விரண்டையும் நீக்கிப் பார்த்தால் வெளிப்படும் உண்மையோ, பொய்யினும் பன்மடங்கு பெருமையுடையதாய் இருக்கிறது. அதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நானும் ஏமாந்த கதை

யான் ஜோகூரிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் என் சித்தப்பா காலமானார். சின்னம்மா சிராங்கூன் ரோட்டை அடுத்த அடுக்கு வீடொன்றில் தனித்து விடப்பட்டார். பிள்ளைகள் இல்லை. மாதம் ஒரு முறை பாலம் கடந்து சென்று பார்த்து வருவதன்றி என்னால் செய்யக்கூடியது வேறொன்றுமில்லை. ஆகவே அவருக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு கைக்கணினி வாங்கிக் கொடுத்து, அதில் ‘மாஜோங்’ என்ற பெயருள்ள விளையாட்டை ஏற்றிக் கொடுத்தேன். இரவில் செக்ரோல் கணக்கு முடிந்த பின் என் கைத்தொலைபேசியில் நானே ஆடி வந்த ஆட்டம் அது. குவியலாய்க் கிடக்கும் காய்களில் ஒத்த இரண்டைக் கண்டுபிடித்துத் தொட்டால் அவை மறையும். எல்லாம் மறைந்தால் வெற்றி. “சின்னம்மா, இது சீனர்கள் ஈராயிரம் வருஷமாய் ஆடி வருகிற ஆட்டம்” என்று, விளம்பரத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன்.

அடுத்த ஆண்டு, பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி அவரைத் தம் வீட்டு மாஜோங் மேசைக்கு அழைத்துச் சென்றார். நானும் உடன் போனேன். “எனக்கும் இந்த ஆட்டம் தெரியும்” என்று பெருமையாய்ச் சொல்லி அருகில் அமர்ந்தேன். கால் மணி நேரத்தில் என் அறியாமை வெளியாகிவிட்டது. காய்களின் முகங்கள் எல்லாம் எனக்குப் பழக்கமானவை. ஆட்டமோ முற்றிலும் வேறு! அந்த வெட்கமே இச்சரித்திரத்தைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

நால்வர் ஆட்டம்

மாஜோங் நால்வர் ஆடும் ஆட்டம். கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நான்கு திக்குகளின் பெயரால் மேசையைச் சுற்றி அமர்வர். காய்களைக் கவிழ்த்துப் போட்டுக் கலைத்து, ஒவ்வொருவரும் தமக்கு முன்னே இரண்டடுக்குச் சுவர் ஒன்று எழுப்புவர். ஒவ்வொருவர் கையிலும் பதின்மூன்று காய்கள். சுவரிலிருந்து ஒன்று எடுப்பதும், கையிலிருந்து ஒன்று கழிப்பதுமாக ஆட்டம் நகரும். மும்மூன்று காய்களாய் நான்கு தொகுதிகளும் ஒரு ஜோடியும் முதலிற் சேர்த்தவர் வென்றவர். ஒருவர் வேண்டாமென்று கழித்த காய் மற்றொருவர்க்கு மிக வேண்டியதாய் இருக்கலாம், அப்போது அவர் “பொங்!” என்று கூவி அதைப் பறித்துக்கொள்வார். எனவே தன் கையைப் பார்த்தால் மட்டும் போதாது. மற்ற மூவர் முகத்தையும், அவர்கள் எதைக் கழிக்கிறார்கள், எதைக் கழிக்கத் தயங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் சாரம் காய்களில் இல்லை. எதிரே இருக்கும் மனிதரில் இருக்கிறது.

காய்களின் தொகை பொதுவாக 144. மூன்று இனங்கள், ஒவ்வோர் இனத்திலும் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள், ஒவ்வொன்றிலும் நான்கு படிகள், ஆக 108. நான்கு காற்றுக் காய்கள் நந்நான்காக 16. சிவப்பு, பச்சை, வெள்ளை என மூன்று வகை நந்நான்காக 12. இவற்றை மேனாட்டார் ‘டிராகன்’ என்பர். அப்பெயர் அவர்கள் இட்டது, சீனர் வழக்கில் இல்லை. மலர்களும் பருவங்களும் சேர்ந்து 8. சிங்கப்பூரிலோ இவற்றோடு பூனை, எலி, சேவல், பூரான் என்ற நான்கு பிராணிக் காய்களும் சேர்ந்து 148 ஆகும். பூனையும் எலியும் ஒருவர் கையில் அகப்பட்டால் பூனை எலியைத் தின்றதாகக் கணக்கு. சேவலும் பூரானும் அப்படியே. இந்நகரம் தன் பங்கிற்கு ஆட்டத்தில் சேர்த்த வேடிக்கை இது.

108 என்ற எண்ணைக் கண்டதும் நம்மவரில் சிலர் துள்ளி எழுவர்! சீனருள்ளும் அத்தகையோர் உண்டு. பழைய சீனக் கதையொன்றில் வரும் 108 வீரர்களை இக்காய்கள் குறிப்பதாக அவர்கள் சொல்வர். மூன்றை ஒன்பதால் பெருக்கி, வந்ததை நான்கால் பெருக்கினால் 108 வரும் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த கணக்கு. இதற்கு வீரரும் வேண்டா, மந்திரமும் வேண்டா.

மூன்று இனங்களையும் உற்றுப் பார்த்தால் ஆட்டத்தின் மெய்யான பிறப்பு விளங்கும். வட்டங்கள் என்பவை சீனத்தின் பழைய செப்புக் காசுகள். மூங்கில் என்று சொல்லப்படுபவை, நடுவில் துளையுள்ள அக்காசுகளைக் கோத்த சரங்கள். மூன்றாவது இனத்திலுள்ள எழுத்து ‘பதினாயிரம்’ என்பது. காசு, காசுச் சரம், பதினாயிரம் என்று எல்லாம் பணம்! சீனத்தில் பல நூற்றாண்டுகளாய் வழங்கிய பணச் சீட்டுகளின் சின்னங்கள் இவை. சீட்டு எலும்பாகவும் மூங்கிலாகவும் மாறியபோது மாஜோங் பிறந்தது. இந்நாட்டுப் பெரனாக்கான் மூதாட்டிகள் ஆடி வந்த ‘செர்க்கி’ என்னும் சிறு சீட்டாட்டமும் அப்பணச் சீட்டின் வழிவந்ததே. ஆக, செர்க்கியும் மாஜோங்கும் ஒரே மூதாதையின் பேரப்பிள்ளைகள்.

முதற் பொய்

இவ்வாறு மாறியது எப்போது? சீனத்தின் யாங்சி ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய நாட்டில், நிங்போ, ஷாங்காய் முதலிய நகரங்களைச் சூழ்ந்த பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலும் பிற்பகுதியிலும் இவ்வாட்டம் உருப்பெற்றது என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. இன்று கிடைத்துள்ள மிகப் பழைய காய்கள் 1870களைச் சேர்ந்தவை.

இந்தக் கணக்கை நம் கண்முன் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ராபிள்ஸ் இங்கு வந்து இறங்கியது 1819ல். சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயில் முதன்முதல் மரமும் அத்தாப்புமாய் எழுந்தது 1827ல். அன்று மாஜோங் என்ற ஆட்டமே உருவாகியிருக்கவில்லை. ‘ஈராயிரம் ஆண்டுப் பழமை’ என்று நான் சின்னம்மாவிடம் அளந்த ஆட்டத்தைக் காட்டிலும் நம் மாரியம்மன் கோயில் மூத்தது!

பழமைக் கதையைப் பரப்பியவர் யார்? ஜோசப் பார்க் பாப்காக் என்ற அமெரிக்கர் ஸ்டாண்டர்டு எண்ணெய்க் கம்பெனியின் உத்தியோகஸ்தராய்ச் சீனத்தின் சூச்சௌ நகரில் இருந்தவர். ஆட்டத்தைக் கற்று, விதிகளைச் சுருக்கி, 1920ல் ஆங்கிலத்தில் ஒரு விதிநூல் வெளியிட்டார். சீன எழுத்தறியாதாரும் ஆடும்படி காய்களின் மூலையில் நாம் வழங்கும் 1, 2, 3 என்ற எண்களைப் பொறிக்கச் செய்தார். சில ஆண்டுகளில் அமெரிக்காவிற்கு மாஜோங் பைத்தியம் பிடித்துவிட்டது. காய் செய்யச் சீனத்தில் எலும்பு போதாமல், அமெரிக்க இறைச்சிக் கொட்டில்களிலிருந்து மாட்டெலும்பு கப்பலேறிச் சென்றது. இப்பெருக்கில்தான், இவ்வாட்டம் கன்பூசியஸ் ஆடியது, அரண்மனைகளுக்குள் ஆயிரமாயிரம் ஆண்டுகள் மறைந்திருந்தது என்ற கதைகள் விளம்பரத்தில் ஏறின. கன்பூசியஸ் வாழ்ந்தது கி.மு. 551 முதல் 479 வரை. ஏறத்தாழ இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளை ஒரு விளம்பரப் பலகை விழுங்கிவிட்டது!

சூது என்னும் கறை

மாஜோங் என்றவுடன் நம்மவர் பலர் முகஞ்சுளிப்பர். “அது சூதாட்டம், சீனருக்குச் சூது, நமக்கென்ன?” என்பர். பணம் வைத்து ஆடப்படுவது உண்மை. அதனால் குடும்பங்கள் அழிந்ததும் உண்மை. சீனத்தில் 1949க்குப் பிறகு அரசாங்கம் சூதை ஒழிக்க முனைந்தபோது மாஜோங்கும் ஒடுக்கப்பட்டது. பின்னர்த் தடை தளர்ந்து, 1998ல் அரசாங்க விளையாட்டுக் குழுவே சூதில்லாப் போட்டிக்கென விதிகள் வெளியிட்டது. சிங்கப்பூரிலோ சூதின் கதை குடியேற்றத்தோடு தொடங்குகிறது. பார்க்குவார் சூதாட்ட உரிமையை ஏலத்தில் விட்டு வரி ஈட்டினார். ராபிள்ஸ் 1823ல் தடை செய்தார். அவர் கப்பலேறிய பின் மறுபடி அனுமதி வந்தது. 1829ல் அதுவும் ஒழிந்தது. 2022ல் இயற்றப்பட்ட சட்டம், வீட்டிற்குள் உறவினரும் நண்பரும் பொழுதுபோக்காய் ஆடுவதைக் குற்றமாக்கவில்லை.

ஆயினும், சூது சீனரின் குணம் என்று சொல்லும் தமிழர் தம் பேட்டையின் தெருப் பெயரையே மறந்தவர். தேக்கா சந்தையருகே தொடங்கும் ரேஸ்கோர்ஸ் ரோடு எதனால் அப்பெயர் பெற்றது? பாரர் பார்க்கில் 1843 முதல் குதிரைகள் ஓடின. 1933ல் பந்தயத் திடல் புக்கித் தீமாவுக்கும், பின்னர்க் கிராஞ்சிக்கும் பெயர்ந்தது. கடைசிப் பந்தயம் 2024 அக்டோபரில் நடந்தது. ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகள்! அத்திடலின் வேலியோரத்தில் நின்றவர்கள் எல்லோரும் சீனர்தாமா? தருமன் நாடிழந்த கதையைக் கூத்தாய் ஆடிய சமூகம் நாம். திருவள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியதும் நம்மை நோக்கித்தானே? குற்றம் ஒரு ஜாதியினிடத்தில் இல்லை, பணத்தாசையிடத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஓர் இளைஞர் இரண்டு ஆண்டுகளில் தம் சேமிப்பு முழுவதையும் சூதில் இழந்தார். அவர் எந்த மேசையிலும் அமரவில்லை. லயத்து வீட்டின் படுக்கையில், போர்வைக்குள், கைத்தொலைபேசியில் தனியே தோற்றார். மனைவிக்குத் தெரிந்தபோது தாலியும் அடகிலிருந்தது. நால்வர் மேசையில் நாம் தோற்பதை மூவராவது பார்க்கிறார்கள். “இன்றைக்குப் போதும், எழுந்திரு” என்று சொல்லவும் கூடும். தனியறையில் தோற்பவனைப் பார்ப்பவர் யார்? இக்காரணத்தால், தனியாள் ஆட்டம் எதுவாயினும் அது தீமையே என்று சிலகாலம் நான் முடிவு கட்டியிருந்தேன். அம்முடிவும் பிழையென்று சரித்திரம் எனக்குக் கற்பித்தது.

இரண்டாம் பொய்

தனியாள் மாஜோங்கில் 144 காய்களும் ஆமை வடிவமாய் ஐந்தடுக்கில் குவிக்கப்பட்டிருக்கும். அடியில் 87, அதன்மேல் 36, பின் 16, பின் 4, உச்சியில் 1. மேலே வேறு காய் இல்லாமலும், இடமோ வலமோ ஒரு பக்கமாவது திறந்தும் இருக்கும் காயையே எடுக்கலாம். மலருக்கு எந்த மலரும், பருவத்திற்கு எந்தப் பருவமும் ஜோடி. எழுபத்திரண்டு ஜோடிகளும் நீங்கினால் ஆட்டம் முடியும். எவ்வளவு புத்திசாலியாய் ஆடினாலும் வெல்ல முடியாத குவியல்களும் சில உண்டு. சுவர் இல்லை, திக்கு இல்லை, “பொங்!” என்ற கூவல் இல்லை, எதிரே மனிதரும் இல்லை. காய்கள் ஒன்றேயன்றி ஆட்டங்கள் ஒன்றல்ல.

இதற்கும் ஒரு பழமைக் கதை உண்டு. ‘ஆமை’ என்ற பெயரால் சீனச் சிறுவர் பல நூற்றாண்டுகளாய் ஆடியது என்பர். அதற்குச் சான்று ஒன்றும் இல்லை. நாம் அறிந்த வரையில் இதை முதலில் உருவாக்கியவர் பிராடி லாக்கார்டு என்ற அமெரிக்க இளைஞர்; ஆண்டு 1981. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கல்வி போதனைக்கென எழுந்த பிளேட்டோ என்னும் கணினி அமைப்பில் அவர் இதை ஆக்கினார். ஆமைக் கதையைச் சொன்னவரும் அவரே. 1986ல் ஒரு கம்பெனி ‘ஷாங்காய்’ என்ற பெயரால் இதை விற்றது. 1990ல் மைக்ரோசாப்ட் கம்பெனியார் ‘தைப்பே’ என்ற பெயரால் தம் விளையாட்டுத் தொகுதியில் சேர்த்தனர். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்குச் சீன ஊர்ப் பெயர்கள்! சரக்கு விற்கப் பழமை மட்டுமன்று, தூரமும் உதவுகிறது போலும்.

ஆனால் லாக்கார்டு யார்? உடல்வித்தையில் தேர்ந்த விளையாட்டு வீரர் அவர். பயிற்சியின்போது நேர்ந்த விபத்தில் கைகால்கள் செயலற்றுப் போயின. வாயிற் பற்றிய ஒரு கோலால் விசைகளை ஒவ்வொன்றாய்த் தட்டிக் கணினிக்கு ஆணைகள் எழுதியவர். மாஜோங் காய் ஒன்றைக் கையாலெடுத்து மேசையில் வைக்க அவரால் இயலாது. அவர் ஆக்கிய ஆட்டத்திலோ அதே காய்களை எவரும், எழுந்து உட்கார மாட்டாத நோயாளியும், தொடாமலே எடுக்கலாம்.

அன்பர்களே, இவ்விரண்டில் எது பெருமை? பெயரறியாச் சிறுவர் பல நூற்றாண்டு ஆடியதாகச் சொல்லும் கட்டுக்கதையா? உடல் முடங்கிய ஒரு மனிதர் தம் அறிவைக்கொண்டு ஆக்கிய மெய்யான செயலா? பழமை என்ற போர்வையைப் போர்த்தியபோது மறைந்துபோனது இம்மனிதரின் ஊக்கமே. பொய்ப் பழமை செய்யும் பெருந்தீங்கு இதுதான். ஒரு பொருளைச் செய்த கைகளை அது நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

நம் வீட்டுக் கதை

நம்மிடத்திலும் இத்தகைய இணை உண்டு. பல்லாங்குழியை அறியாத தமிழ்ப் பெண் முன்னாளில் இல்லை. பதினான்கு குழி, கைநிறையப் புளியங்கொட்டை, எதிரெதிரே இருவர். மலாய்க்காரர் இதன் உறவான ஆட்டத்தைச் ‘சொங்காக்’ என்பர். இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் இதன் உறவுகள் உண்டு. இப்பல்லாங்குழியிலும் தனியாள் ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சீதைப் பாண்டி. அசோகவனத்தில் தனித்திருந்த சீதை தன் துயர் மறக்க ஆடியதால் அப்பெயர் என்பர்.

சீதை ஆடினாள் என்பதற்குச் சரித்திரச் சான்று தேடுவது வீண். ஆனால் அக்கதையைக் கட்டியவர் யாராய் இருப்பர்? கணவன் கடல் கடந்து போக, வாசல் தாண்ட வழக்கம் இடங்கொடாமல், குழிக்கு எதிரே ஆளின்றி அமர்ந்த நம் பாட்டிமாராய்த்தான் இருப்பர் என்பது என் எண்ணம். கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்த ஆண்கள் எத்தனை பேர்! அவர்கள் விட்டுவந்த வீடுகளில் எத்தனை குழிகளுக்கு எதிர்ப்பக்கம் ஆளில்லாமற் போயிருக்கும்! தேவியின் பெயரைப் பாடிவிட்டு அப்பெண்களின் தனிமையை மறந்துவிட்டோம். அங்கும் மறைக்கப்பட்டவை கைகளே.

நாலாவது நாற்காலி

இனிச் சின்னம்மாவின் கதையை முடிக்கிறேன். பக்கத்து வீட்டில் நான்கு மூதாட்டிகள் சனிக்கிழமைதோறும் பத்துக் காசு வைத்து ஆடி வந்தனர். அவருள் ஒருவர் இறந்தார். ‘மூவர் உளர், ஒருவர் குறைவு’ என்பது மாஜோங் ஆடும் சீனரின் பழகிய புலம்பல். மூவர் எவ்வளவு தேர்ந்தவராயினும் நாலாமவர் இன்றி ஆட்டம் இல்லை. சில வாரம் அவ்வீட்டில் காய்களின் சலசலப்புக் கேட்கவில்லை. சீனத்தில் இவ்வாட்டத்தின் பழைய பெயர் சிட்டுக்குருவி என்று பொருள்படும். கலைக்கப்படும் காய்களின் ஓசை குருவிக் கூட்டத்தின் இரைச்சலை ஒக்கும். அந்த இரைச்சல் நின்ற வீடு எப்படியிருக்கும் என்பது, தானும் ஒரு துணையை இழந்த சின்னம்மாவுக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை பலகாரத் தட்டோடு அங்கே சென்றார். மேசைமேற் கிடந்த காய்களைப் பார்த்து, ஒன்றை எடுத்து, அதன் ஜோடியைச் சரியாய் எடுத்து அருகில் வைத்தார். கைக்கணினியில் ஓராண்டாய்ப் பார்த்துப் பழகிய முகங்கள் அல்லவா! மூதாட்டி வியந்து, காலி நாற்காலியைக் காட்டி, “மாரி, டுடோக்” என்றார்.

விதிகளைக் கற்கச் சில மாதம் ஆயிற்று. சீன எழுத்து ஒன்றும் அறியாத அவருக்கு, மூலையில் பொறித்த 1, 2, 3 துணை நின்றது. ஆக, எண் பொறித்த எண்ணெய்க் கம்பெனிக்காரரும், வாய்க்கோலால் எழுதிய வீரரும், இன்னார் என்று பெயர் தெரியாத யாங்சிக் கரைச் சீட்டாட்டக்காரரும் சேர்ந்து ஒரு தமிழ்க் கைம்பெண்ணைச் சீன வீட்டு நாற்காலியில் உட்கார வைத்தனர். தனியாள் ஆட்டம் அவருக்குச் சிறையாகவில்லை; வாசற்படியாயிற்று. நான் கைக்கணினியைக் கொடுத்ததோடு என் கடமை தீர்ந்தது என்று எண்ணியிருந்தேன். அவரோ அதைத் தாண்டி நடந்தார். சென்ற மாதம் நான் படித்தறிந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். ஈராயிரம் ஆண்டு என்றது பொய்யென்றும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். “அதுக்கு என்ன வயசா இருந்தா என்ன தம்பி? சனிக்கிழமை நாலு பேர் வந்தாப் போதும்” என்றார்.

ஓர் ஆட்டத்தின் மதிப்பு அதன் வயதில் இல்லை. அது யாரை யாரோடு உட்கார வைக்கிறது என்பதில் இருக்கிறது. வழக்கங்களையும் அங்ஙனமே அளந்து பார்த்தல் நலம். தோட்டத்திலும் நகரத்திலும் நம்மைச் சுற்றித் தனித்திருப்போர் பலர். அவர்கள் கையில் ஒரு கருவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், எதிரே ஒரு நாற்காலியையும் இழுத்துப் போட்டு அமர்வோமாக.